வழித்தாகத்துக்கு எதைக் கொண்டுசெல்வது?

மருத்துவமனைக்கு வருவோரின் பைகளை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். பழைய மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் படங்கள், மாற்றுடை, போர்வை ஆகிய அனைத்தும் அவற்றுள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். வழியில் குடிப்பதற்கு என்ன என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலோர் பேருந்து நிலையத்தில்தான் விடை தேடுகின்றனர். பெட்டிக்கடையின் முன்வரிசையில் எது இருக்கிறதோ அதுவே நோயாளியின் பானமாகிவிடுகிறது. செலவும் கூடுகிறது, சில வேளைகளில் நோயும் கூடுகிறது.

எங்கள் கருத்து எளியது. நோயாளியின் பயணத்துக்கு ஏற்ற பானம் வீட்டிலேயே குறைந்த செலவில் கிடைக்கிறது. ஆனால் அதனை நோய்க்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். புறப்படும் நாளுக்கு முன்பே வீட்டில் ஒருமுறை சோதித்தும் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் எடுத்துச் சொல்லும் பொறுப்பு மருத்துவமனைப் பணியாளர்களாகிய எங்களுக்கும் உண்டு.

வடகரை, பண்பொழி, மேக்கரை, அச்சன்புதூர் ஆகிய ஊர்களிலிருந்து உயர்சிகிச்சைக்குச் செல்வோரின் பயணங்கள் சிறியவை அல்ல. சிலர் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் செல்கின்றனர். சிலர் ஆரியங்காவு மலைப்பாதை வழியாகத் திருவனந்தபுரத்துக்குச் செல்கின்றனர். சென்னைக்குச் செல்வோர் மாலையில் செங்கோட்டையிலோ தென்காசியிலோ பொதிகை விரைவு ரயிலில் ஏறி, மறுநாள் காலையில்தான் எழும்பூரில் இறங்குகின்றனர். நோயாளியுடன் இருவர் சென்றாலும் மூவருடைய தாகத்துக்கும் வழி செய்தாக வேண்டும். மாதந்தோறும் இவ்வாறு சென்றுவரும் குடும்பத்துக்கு, ஒவ்வொரு முறையும் வாங்கும் நான்கைந்து பாட்டில்களின் விலை சிறிய தொகை அன்று.

குடிக்காமல் இருப்பது சிக்கனம் ஆகாது

பானத்தைப் பற்றிப் பேசுமுன், பானமே வேண்டாம் என்று முடிவு செய்வோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்தில் கழிப்பறை இல்லை. இறங்கும் இடத்தில் இருப்பதும் தூய்மையாக இராது. ஆகவே பெண்களும் முதியோரும் முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கின்றனர். அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆயினும் அதன் விளைவை உடல்தான் தாங்குகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர், அதிலும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர், நீர் குடிக்காமல் பல மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும். சிறுநீர்த் தொற்றும் கற்களும் உள்ளவர்களுக்கு அவை மேலும் தொல்லை தரும். வயது கூடக்கூடத் தாக உணர்வு குறைந்துவிடுவதால், முதியவர் ‘தாகமில்லை’ என்று சொல்வதை அப்படியே ஏற்கவும் கூடாது.

நம் பகுதிக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் வீசும்போது தாகம் எடுப்பதே தெரிவதில்லை. குளிர்ந்த காற்றில் புறப்பட்டவர், இராஜபாளையத்தையும் விருதுநகரையும் தாண்டிய பின்னரே வெயிலின் கடுமையை உணர்கிறார். புறப்படும் ஊரின் குளிர்ச்சியைக் கொண்டு முழுப் பயணத்துக்கும் கணக்கிடுதல் ஆகாது.

கழிப்பறைச் சிக்கலுக்கு எங்கள் பரிந்துரை இதுவே: ஒரேயடியாக ஒரு டம்ளர் குடிப்பதற்குப் பதிலாக, அரை மணிக்கு ஒருமுறை சில மிடறுகள் குடியுங்கள். பேருந்து நிற்கும் இடங்களை முன்கூட்டியே நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பிருப்பின், நோயாளிக்குப் பேருந்தைவிட ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாவற்றிலும் மலிவானது

கொதித்து ஆறிய தண்ணீரே எல்லாவற்றிலும் மலிவானது. பெரும்பாலான நோயாளிகளுக்கு அதுவே போதுமானது. தண்ணீர் குமிழியிட்டுத் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆற்றி, நன்கு கழுவிய எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பினால் போதும். அது தீர்ந்துவிட்டால் ரயில் நிலையங்களில் ‘ரயில் நீர்’ கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அதன் ஒரு லிட்டர் பாட்டிலின் விலை 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாகக் குறைக்கப்பட்டுள்ளது. அதற்குமேல் கேட்டால், பாட்டிலில் அச்சிட்டுள்ள விலையைச் சுட்டிக்காட்டி மறுக்கலாம்.

பின்னர் ஏன் பிற பானங்கள்? வயிற்றுப்போக்கு, வாந்தி, மிகுந்த வியர்வை ஆகியவற்றால் உடல் நீரை மட்டுமல்லாமல் உப்பையும் இழக்கிறது. உணவு செல்லாத நோயாளிக்குச் சிறிது ஆற்றலும் தேவைப்படுகிறது. வெறும் நீரைக் குடிக்க மறுக்கும் முதியவருக்குச் சுவையும் வேண்டியிருக்கிறது. இத்தகைய காரணம் இருக்கும்போதுதான் வேறு பானத்தை நாட வேண்டும். காரணம் மாறினால் பானமும் மாற வேண்டும்.

பெயரை அன்று, அளவைப் பாருங்கள்

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லையோரத்துப் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், மருத்துவர் திலீப் மகலனபிஸ் சர்க்கரையும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரை நோயாளிகள் வாய்வழியாகவே குடிக்குமாறு செய்தார். அதற்குமுன் நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இருந்த இறப்பு, இம்முறையால் சிகிச்சை பெற்றவர்களிடையே நான்கு பேருக்கும் குறைவாகச் சரிந்தது. அவருடைய மறைவுக்குப் பின் 2023இல் அவருக்குப் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. உலகில் கணக்கற்ற குழந்தைகளைக் காத்த அந்த மருந்து, எளிய குடும்பத்தாலும் வாங்க இயன்ற விலைமலிந்த பானம் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அது பலன் தருவது அளவினாலேயே ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வரையறைப்படி, ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் இருத்தல் வேண்டும். சர்க்கரை குடலுக்குள் உப்பையும் நீரையும் இழுத்துச் செல்லத் துணைபுரிகிறது. அதே சர்க்கரை மிகுந்துவிட்டால் நீரைக் குடலுக்குள் வெளியே இழுத்து, வயிற்றுப்போக்கை அதிகப்படுத்துகிறது.

இந்தப் பெயரைத் தாங்கி, அந்த அளவைத் தாங்காத இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்கப்பட்டன. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதனை எதிர்த்து நெடுங்காலம் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு ஒத்துவராத எந்த உணவுப் பொருளும் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லைப் பெயரில் பயன்படுத்தக் கூடாது என ஆணையிட்டது. ஆணை வந்துவிட்டது என்பதால் நம் கண்களுக்கு வேலை இல்லை என்று கருத வேண்டாம். பெயர் மாறிய பின்னும் பெட்டிக்குள் இருப்பது அதே இனிப்பு நீராகவே இருக்கக்கூடும்.

ஆகவே எந்தப் பொட்டலத்தையும் வாங்குமுன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். நீருக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பானம். 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதையும் காணலாம். அது 11 கிராம் எனில், 200 மில்லிலிட்டர் பெட்டியில் 22 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் மேலான சர்க்கரை உள்ளது என்று பொருள். பழப்படம் போட்ட பானங்களில் பத்தில் ஒரு பங்கு பழச்சாறு இருந்தாலே விதி நிறைவடைந்துவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உண்மையான ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. புறப்படுமுன் இரண்டைப் பெற்று மருந்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கொட்டிக் கலக்குதல் தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத நிலையில், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். இதன் செலவு மூன்று ரூபாயைத் தாண்டாது. கலந்தபின் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதனைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இது இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்வதற்கான மருந்தே. சும்மா இருக்கும்போது குடிக்கும் சர்பத்தன்று.

நம் வீட்டுப் பானங்கள்

நீர்மோர் நல்ல பானம். கால் லிட்டர் தயிரில் ஒரு லிட்டருக்கும் மேல் நீர்மோர் கிடைக்கிறது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டால் சுவையும் கூடுகிறது. உப்பைக் குறைத்துக்கொள்ளுதல் இரத்த அழுத்தமுள்ளவர்க்கு நலம். ஆனால் வெயிலில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடுமாதலால், பகல் பயணத்தின் முற்பகுதிக்கே அது உகந்தது. மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் எடுத்துச் செல்லக் கூடாது. புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

சுக்கும் மல்லியும் தட்டிக் கொதிக்கவைத்த சுக்குக் காபி, இரவு ரயிலுக்கு ஏற்றது. பிளாஸ்கில் சூடாகவே இருக்கும். ஆரியங்காவு வளைவுகளில் குமட்டல் ஏற்படுவோர்க்கு, ஏறுமுன் சில மிடறு இஞ்சி நீர் ஓரளவு துணைசெய்யும். ஆனால் கருப்பட்டியைச் சர்க்கரை அன்று என எண்ணி நீரிழிவு நோயாளிக்குத் தாராளமாகக் கலக்குவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும். பானகத்துக்கும் நன்னாரி சர்பத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பதநீர் இறக்கிய இடத்திலேயே குடிக்க வேண்டியது. சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து வெளியேறிய பின் அது விரைந்து நொதித்துவிடும். நெடும்பயணத்துக்கு அது உதவாது. வடித்த கஞ்சியில் சிறிது உப்பிட்டு வெதுவெதுப்பாகக் கொடுப்பது, பசி குன்றிய நோயாளிக்கு இதமானது. அதுவும் நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும்.

இளநீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தென்காசிச் சாலைகளில் இதைவிடத் தூய்மையான பானம் அரிது; சீவும்வரை கிருமி அண்டாத உறைக்குள் இருக்கிறது. இயல்பான சிறுநீரகம் உடையவர்க்கு அதனை நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. ஒரு பெரிய இளநீரில் ஒரு வாழைப்பழத்தில் உள்ளதைவிடக் கூடுதலான பொட்டாசியம் இருக்கக்கூடும். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடல் அதனை வெளியேற்ற இயலாது. அது இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும். டயாலிசிஸ் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒரு முதியவருக்கு, வழியெங்கும் அவருடைய மகன் இளநீர் வாங்கிக் கொடுத்து அழைத்துவந்தார். வந்து சேர்ந்தபோது பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருந்தது. உடனடிச் சிகிச்சையால் அவர் பிழைத்தார். மகனின் அன்பில் குறையில்லை. ‘இயற்கையானது, கெடுதல் செய்யாது’ என்றே அவர் நம்பினார். முந்தைய முறை வீடு திரும்பியபோது அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. அந்தக் குறை மருத்துவமனைப் பணியாளர்களையே சாரும்.

யாருக்கு எது

சிறுநீரக நோயாளிகள் இளநீர், பழச்சாறு, ஓ.ஆர்.எஸ். ஆகியவற்றை மருத்துவரைக் கேளாமல் குடிக்கக் கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்க்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கும் நாளொன்றுக்கு இவ்வளவு நீர் என்று அளவு குறித்திருப்போம். மோர், காபி, கஞ்சி, மாத்திரைக்குக் குடிக்கும் நீர் அனைத்தும் அந்த அளவுக்குள் அடங்கும். அந்த முழு அளவையும் காலையிலேயே ஒரே பாட்டிலில் ஊற்றிவைத்து, அதிலிருந்தே எடுத்துக் குடித்தால் கணக்குத் தவறாது.

நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரையில்லாப் பானமே பயணத்துணை. ஆயினும் இன்சுலின் போடுபவரும் சில வகை மாத்திரை உண்பவரும், பயணத்தில் உணவு தாமதமானால் தாழ்சர்க்கரைக்கு ஆளாகலாம். நடுக்கம், வியர்வை, குழப்பம் தோன்றினாலோ, கருவியில் 70க்குக் கீழே காட்டினாலோ, மூன்று முதல் நான்கு தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆகவே சர்க்கரைப் பொட்டலம் ஒன்று அவர்கள் பையில் எப்போதும் இருத்தல் வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர்ப்படுவோர்க்கு, ஓடும் பேருந்தில் நீர் கொடுப்பது ஆபத்து. வண்டி நிற்கும்போது, நிமிர்ந்து உட்காரவைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயில் காலத்திலும் தாய்ப்பாலே போதும். குடிக்க வேண்டியவர் தாய்.

மருந்துகளையும் மறந்துவிடலாகாது. தைராய்டு மாத்திரையைப் பாலுடனோ காபியுடனோ உண்டால் அது உடலில் முழுமையாகச் சேராது. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் பால், மோருடன் சேர்த்தால் வலுவிழக்கும். இரும்புச்சத்து மாத்திரைக்குத் தேநீர் பகை. மாத்திரைக்கு வெறும் நீரே என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்காகவோ, வெறும் வயிற்றில் செய்யும் இரத்தப் பரிசோதனைக்காகவோ செல்வோர், எத்தனை மணிவரை எதைக் குடிக்கலாம் என்று முன்னரே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வழியில் பிறர் அன்போடு கொடுத்த ஒரு டம்ளர் மோரினால் அறுவை சிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிப்போவதுண்டு. மயக்கமருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் செல்லும் ஆபத்தைத் தவிர்க்கவே அந்தக் கட்டுப்பாடு. தள்ளிப்போகும் ஒரு நாளுக்கான தங்கும் செலவை நினைத்தால், அந்தக் கேள்வியைக் கேட்பதே மிகப் பெரிய சிக்கனம்.

வீட்டில் ஒருநாள் ஒத்திகை

பயணத்துக்கு மூன்று நான்கு நாள்களுக்கு முன், கொண்டுசெல்ல எண்ணும் பானத்தை வீட்டில் தயாரியுங்கள். கொண்டுசெல்லும் அதே பாட்டிலில் நிரப்பி, பயணம் எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம் வெளியிலேயே வையுங்கள். மூடியை இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, கசிகிறதா என்று பாருங்கள். பின்னர்த் திறந்து முகருங்கள். புளித்த வாடையோ நுரையோ தென்பட்டால் அந்தப் பானம் அவ்வளவு நேரம் தாங்காது. பாதி வழிக்கே அதனைக் கணக்கிடுங்கள், அல்லது வேறொன்றுக்கு மாறுங்கள். கெட்டதை நோயாளிக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டாம்.

கெடாத பானத்தைப் புதிதாகத் தயாரித்து நோயாளிக்கு வீட்டில் கொடுத்துப் பாருங்கள். வயிறு ஏற்கிறதா, குமட்டுகிறதா, எவ்வளவு நேரத்தில் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்பன தெரிந்துவிடும். நீரிழிவு நோயாளி எனில், குடிப்பதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைச் சோதித்துக் குறித்துவையுங்கள். நடுங்கும் கைகளால் அந்த மூடியை நோயாளியே திறக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். புதிய பானத்தின் முதல் சோதனை பொதிகை ரயிலின் நடுப்படுக்கையில் நடைபெறக் கூடாது.

‘நோயாளியைக் கவனிப்பதற்கே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே நேரம்?’ என்று உடனிருப்போர் கேட்பர். அக்கேள்வியில் உண்மை உண்டு. வீட்டுச் சுமை முழுவதும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தோளில் இருப்பதை நாங்கள் அறிவோம். கொதித்த நீர் ஒரு பாட்டில், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, சர்க்கரைப் பொட்டலம் ஒன்று என்ற அளவில் முடித்துக்கொண்டாலும் போதும். மோரும் சுக்குக் காபியும் இயன்றவர்க்கே.

எங்கள் பங்குக்கும் ஒன்று உண்டு. வீடு திரும்பும்போது கொடுக்கும் சீட்டில் மாத்திரைகளை எழுதுகிறோம், உணவையும் எழுதுகிறோம். குடிப்பதைப் பற்றி ‘நிறைய நீர் குடிக்கவும்’ என்றோ ‘நீரைக் குறைக்கவும்’ என்றோ ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். எத்தனை லிட்டர், எந்தப் பானம் கூடும், எது கூடாது, பயணத்தில் என்ன செய்வது என்று ஒவ்வொரு மருத்துவமனையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. எங்கள் சீட்டில் அவ்வரி விடுபட்டிருந்தால், செவிலியரிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது நீங்கள் வழியில் குடித்த பானத்தின் பொட்டலத்தையும் எடுத்துவந்து காட்டுங்கள்; உங்களுடன் சேர்ந்து நாங்களும் அதைப் படித்துப் பார்க்கிறோம்.